இடையன்குடி ஐயரும் ஐயரம்மாளும்

நமது குலத்தின் சென்ற இருநூறு வருஷத்துச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும், தென்பாண்டித் தேரிக்காட்டு ஊர்களிலே சீமையிலிருந்து வந்து குடியேறி வாழ்ந்த மிஷனெரிக் குடும்பங்களைப் பற்றிப் பேசாமல் மேற்செல்ல இயலாது. நம்மவரில் சைவர், வைணவர், கிறிஸ்தவர் ஆகிய எம்மார்க்கத்தாராயினும், பாட்டன் பூட்டன் காலத்துக் கதைகளைக் கேட்குங்கால், ஏதேனும் ஒரு மிஷன் பங்களாவும், அதில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஐயரும், அவர் மனைவியாகிய ஐயரம்மாளும் அக்கதைகளில் தலைகாட்டாமல் இரார். அவர்களுள்ளே பெயர் மிகப் பெற்றவர் இடையன்குடியில் வாழ்ந்த கனம் ராபர்ட் கால்டுவெல் அத்தியட்சர் ஆவர். அவரைக் குறித்து நம்மவர் கருத்து இருவேறு வகையாய் நிற்பது யாவரும் அறிந்ததே. தமிழின் பெருமையை உலகறியச் செய்தவர் என்று மாலை சூட்டுவோர் ஒருபால். 1849-ஆம் வருஷம் நமது குலத்தை இழித்து நூல் எழுதியவர் என்று முகஞ் சுளிப்போர் மற்றொருபால். இவ்விரு திறத்தாரும் அவருடைய புத்தகங்களையே எடுத்துப் பேசுகின்றனர். அப்புத்தகங்கள் எழுதப்பட்ட வீட்டைப் பற்றிப் பேசுவோர் அரியர். அவ்வீட்டில் நாள்தோறும் நடந்த காரியங்கள் யாவை, அவற்றுள் அவர் மனைவியாரின் பங்கு எத்தகையது, அவ்வளவு உழைப்பு நடந்த அதே வீட்டிலிருந்து நம்மை வருத்திய அந்நூலும் புறப்பட்டது எவ்வாறு என்பவற்றை இவ்வியாசத்தில் சற்றே ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்குதல் நலம். திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் திருச்சபை ஊழியத்தை ஆங்கிலேயர்தாம் தொடங்கினர் என்று எண்ணுவது பிழை. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியிற் பிறந்த நம்மவரான தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரே தம் உறவினரிடையே அவ்வேலையை ஆரம்பித்தவர். அடுத்தடுத்து நேர்ந்த துன்பங்களுக்கு ஆற்றாமல், தம்மைச் சேர்ந்த குடும்பங்களுக்கென 1799-இல் நிலம் வாங்கி ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். முதன்முதல் உண்டான அவ்வூருக்கு முதலூர் என்றே பெயர் வழங்கலாயிற்று. கால்டுவெல் வந்தபொழுது இடையன்குடியிலும் கிறிஸ்தவர்கள் முன்னமே இருந்தனர். ஆகவே அவர் வந்தது வெறுங்காட்டுக்கு அன்று. நம்மவர் தாமே உழுது வைத்திருந்த நிலத்துக்கு.

கால்டுவெல் 1814-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆந் தேதி அயர்லாந்து தேசத்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காத்லாந்தியர். இளமையில் டப்ளின் நகரிற் சித்திரத் தொழில் பயின்று, பின்னர் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கல்வி கற்று, லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராய் 1838-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆந் தேதி சென்னையில் வந்திறங்கினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. அது 1869-இலேதான் திறக்கப்பட்டது. ஆகையால் மாதக்கணக்காய்க் கடலில் மிதந்தே வரவேண்டியிருந்தது. சென்னையில் மூன்று வருஷத்துக்குமேல் தங்கித் தமிழ் பயின்ற பின், ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்து, சுவிசேஷப் பிரபல்லிய சங்கத்தாரின் ஊழியராய்த் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். அக்காலத்து வெள்ளையர் பல்லக்கிலன்றி வெளியூர் செல்லார். இவரோ நாட்டையும் ஜனங்களையும் கண்ணாரக் காணவேண்டுமென்று நடந்தே பிரயாணம் செய்தார். வழியில் நீலகிரிக்குச் சென்று, உதகமண்டலத்தில் சென்னை அத்தியட்சரிடம் குருப்பட்டம் பெற்று, மதுரை மார்க்கமாய் 1841-ஆம் வருஷத்தின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. அதுமுதல் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இந்நாட்டிலேயே அவர் வாழ்வு கழிந்தது.

இடையன்குடி இருக்கும் தேரி நிலத்தைப் பாராதவர்களுக்கு அதனை எடுத்துச் சொல்லுதல் எளிதன்று. எங்கு நோக்கினும் செம்மணல், அதன்மேல் பனைமரம், பனையின் நடுவே உடைமரம். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசத் தொடங்கினால் மணல் எழுந்து கண்ணை மறைக்கும். நேற்று மேடாயிருந்த இடம் இன்று பள்ளமாகும். ஆயினும் தோண்டுவார்க்கு நல்ல தண்ணீர் அகப்படுவது இத்தேரிக்கு இறைவன் வைத்த கிருபை. இந்நிலத்தில் நம்மவர் வாழ்வு பனையோடு பிணைந்திருந்தது. மாசி, பங்குனி தொடங்கி ஆவணி வரையிற் பதநீர்க் காலம். தளைநாரும் முருக்குத்தடியும் அருவாள்பெட்டியும் கொண்டு ஒருவர் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குவர். இறக்கிய பதநீரை விடிலியில் வைத்துக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்ப்பது பெண்டிர் வேலை. சிறுபிள்ளைகள் விறகு பொறுக்குவர். குடும்பத்தில் ஒருவர்கூட வெறுங்கையாய் இருக்க முடியாத தொழில் அது. பள்ளிக்கூடம் என்றும் ஆலயம் என்றும் மணியடித்து அழைத்தால், அம்மணி இத்தொழிலின் நேரத்துக்கு இசையவே அடிக்கப்பட வேண்டியிருந்தது. இதனை அறியாத வெள்ளையர் முதலிற் சினங்கொண்டதும், பின்பு நேரத்தை மாற்றிக்கொண்டதும் பல மிஷன் ஊர்களில் நடந்தவையே.

கால்டுவெல் வந்தபொழுது வீடுகள் ஒழுங்கின்றி அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவர் நிலத்தை அளந்து நேர்த்தெருக்கள் வகுத்து, கிணறுகள் வெட்டுவித்து, மரங்கள் வைப்பித்து ஊரைத் திருத்தினார். சித்திரக்காரரின் கண் அவருக்கு இருந்தது என்பதை இன்றும் அத்தெருக்களின் அமைப்பிற் காணலாம். எனினும் தெருவை வகுப்பது ஒரு வருஷத்து வேலை. அத்தெருவில் உள்ள வீடுகளுக்குள்ளே புகுந்து பெண்டிரோடு பேசுவது ஆயுட்காலத்து வேலை. அதற்கு ஆண்மகனாகிய வெள்ளைக்காரர் ஒருவரால் என் செய்ய முடியும்? அவ்வேலையைச் செய்தவர் எலிசா அம்மையார்.

இவ்வம்மையாரை அந்நிய நாட்டார் என்று சொல்வதுகூட முழுதும் பொருந்தாது. இவருடைய தந்தையார் சார்லஸ் மால்ட் பாதிரியாரும் தாயார் மார்த்தா அம்மையாரும் 1819-ஆம் வருஷம் முதல் நாகர்கோவிலில் ஊழியம் புரிந்தவர்கள். எலிசா 1822-ஆம் வருஷம் அங்கே பிறந்து, நாஞ்சில் நாட்டுத் தமிழைக் கேட்டே வளர்ந்தவர். தம் கணவருக்குச் சீமை சொந்த ஊர். இவருக்கோ சீமை பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர். 1844-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ஆந் தேதி நாகர்கோவிலில் இருவருக்கும் விவாகம் நடந்தது. இடையன்குடிக்கு வந்தபொழுது இவர் கொணர்ந்த சீதனங்களுள் தலையாயவை இரண்டு: ஒன்று, பேச்சுத் தமிழ்; மற்றொன்று, ரேந்தை பின்னும் கைத்தொழில்.

ரேந்தை என்று அந்நாளில் வழங்கிய லேஸ் பின்னலை நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் தொடங்கியவர் மார்த்தா அம்மையார். ஒரு சிறு தலையணையின்மேல் வடிவம் குத்திய அட்டையை வைத்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னுவது இது. பொறுமையும் கூரிய கண்ணும் சுத்தமான விரல்களும் வேண்டும். அவர் நடத்திய பெண்கள் விடுதியில் இத்தொழிலைக் கற்ற சிறுமியருள் அடிமைகளாய்ப் பிறந்தோரும் இருந்தனர். திருவிதாங்கூரில் 1855-ஆம் வருஷம் வரையில் அடிமை முறை இருந்தது. அச்சிறுமியர் பின்னி விற்ற ரேந்தையின் பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட வரலாறு நாகர்கோவில் மிஷன் சரித்திரத்தின் ஒளிமிக்க பகுதி.

தோட்சீலைக் கலகத்தின் வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. மார்பை மறைத்ததற்காக நம் குலப் பெண்டிர் சந்தைவெளியில் அவமதிக்கப்பட்ட காலம் அது. 1829-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் அரசாணை மேற்சீலையைத் தடுத்துக் குப்பாயத்தை மாத்திரம் அனுமதித்தது. அக்குப்பாயத்தை வெட்டித் தைக்கக் கற்பித்தவர்கள் மிஷன் பங்களாக்களில் இருந்த பெண்மணிகளே. முடிவாக 1859-ஆம் வருஷம் ஜூலை மாதம் 26-ஆந் தேதி, மேற்குலப் பெண்டிர் அணியும் விதத்தில் மாத்திரம் அணியலாகாது என்ற நிபந்தனையோடு, விரும்பியபடி மார்பை மறைத்துக்கொள்ள உத்தரவாயிற்று. எலிசா அம்மையார் வளர்ந்தது இவ்வழக்கின் நடுவிலே. ஊசியும் நூலும் வீட்டு அலங்காரத்துக்கு மாத்திரமல்ல என்பதைச் சிறுமியாயிருந்தபொழுதே அவர் கண்டிருந்தார்.

இனி இடையன்குடிப் பங்களாவின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். பங்களா என்ற பெயரைக் கேட்டு மாளிகை என்று எண்ணவேண்டா. தேரிக்காட்டு மிஷன் வீடுகள் ஆரம்பத்தில் பனையோலைக் கூரையின்கீழ் அமைந்தவை. வாசலில் ஒரு தாழ்வாரம். அத்தாழ்வாரமே கச்சேரியும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையுமாய் இருந்தது. விடியற்காலை மணி அடித்தவுடன் ஊரார் ஜெபத்துக்குக் கூடுவர். மரமேறச் செல்வோர் அதற்கு முன்னரே போயிருப்பர். அவர்களுக்கு அந்தி ஜெபமே வாய்த்தது. ஆலயத்தில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாய்த் தரையில் அமர்வது வழக்கம். ஜெபம் முடிந்தபின் ஐயரிடம் வழக்குகள் வரும். இன்னான் என் மரத்தில் பாளை சீவினான், இன்னான் கொடுத்த வார்த்தை தவறினான், மருமகள் தாய்வீடு போய்த் திரும்பவில்லை என்பனபோன்ற வழக்குகளே பெரும்பாலன. வேதசாஸ்திரம் படித்துவிட்டு வந்தவர், வேலித் தகராற்றைத் தீர்க்கவே பாதி நாளைச் செலவிடவேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை சுற்றூர்களிலிருந்து உபதேசிமார் யாவரும் வந்து கூடுவர். அவர்கள் சம்பளம் பெறுவதும், பாடம் ஒப்பிப்பதும், தத்தம் ஊர்ச் செய்தியைச் சொல்வதும் அன்றுதான். சபை ஊழியத்தின் பெரும்பளுவைச் சுமந்தவர்கள் இவ்வுபதேசிமாரே. மழையென்றும் வெயிலென்றும் பாராது ஊர் ஊராய் நடந்து, வாந்திபேதி கண்ட வீட்டுக்குள் புகுந்து ஜெபம் சொல்லி, பிணத்துக்கு முன்நின்று அடக்கம் செய்தவர்கள் நம்மவரான உபதேசிமார். அவர்களிற் பெரும்பாலோர் பெயரைச் சரித்திர நூல்கள் வரைந்து வைக்கவில்லை. ஐயர் எழுதிய அறிக்கைகளில் ஓர் உபதேசியார் என்ற அளவிலே அவர்கள் நின்றுபோயினர்.

பங்களாவின் பின்கட்டு எலிசா அம்மையாருடைய ராஜ்யம். மணமாகி வந்த 1844-ஆம் வருஷத்திலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதியுடன்கூடிய பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். நம்மவர் தங்கள் பெண்களை உடனே அனுப்பிவிட்டனர் என்று எண்ணலாகாது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு, விடிலியில் யார் இருப்பார், படித்த பெண்ணை யார் கொள்வார் என்னும் கேள்விகளுக்கு அவர் வீடுவீடாய்ச் சென்று பதில் சொல்லவேண்டியிருந்தது. அப்பதிலைத் துபாஷி ஒருவரைக் கொண்டு சொல்லியிருந்தால் ஒரு பெண்ணும் வந்திராள். அவர் தாமே, தாய்மார் பேசும் தமிழிலேயே பேசினார். பள்ளியில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் ஆகியவற்றோடு தையலும் ரேந்தையும் கற்பிக்கப்பட்டன. ரேந்தை விலைபோயிற்று, பெண்ணின் விரல் நுனியிலிருந்து காசு வந்தது. கருப்புக்கட்டி வார்க்கும் கையே காசு ஈட்டும் கை என்று இருந்த இடத்தில், நிழலில் அமர்ந்து செய்யும் ஒரு தொழில் பெண்டிர்க்கு வாய்த்தது சிறு காரியமன்று. விடுதியிற் பயின்ற பெண்கள் உபதேசிமார்க்கும் உபாத்திமார்க்கும் வாழ்க்கைப்பட்டு ஊர் ஊராய்ச் சென்றனர். சென்ற இடத்திலெல்லாம் ஒரு திண்ணைப்பள்ளியும் ஒரு தையல் வகுப்பும் முளைத்தன. நமது குலத்தில் உத்தியோகத்துக்குச் சென்ற முதல் தலைமுறையினரில் பலருடைய அன்னையார் இத்தகைய விடுதிகளிற் படித்தவர்கள் என்பதை நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்கலாம்.

இவ்வாறு பிறர் பிள்ளைகளை வளர்த்த அம்மையாருக்குத் தம் பிள்ளைகளைக் கூடவைத்து வளர்க்கும் பாக்கியம் எவ்வளவு இருந்தது என்பது எண்ணத்தக்கது. அவருக்கு ஏழு மக்கள். இந்நாட்டு வெயிலும் நோயும் வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒவ்வா என்றும், கல்வி சீமையிலேதான் கிடைக்கும் என்றும் எண்ணி, ஏழெட்டு வயதில் குழந்தைகளைக் கப்பலேற்றிவிடுவது அக்காலத்து மிஷனெரிக் குடும்பங்களின் வழக்கம். போன குழந்தையை மறுபடி காண்பதற்குப் பல வருஷங்கள் செல்லும். முகம் மாறி, பேச்சு மாறி, தாயை அடையாளம் அறியாத பிள்ளையாய் அது எதிர்ப்படுவதும் உண்டு. கால்டுவெல் குடும்பத்தார் 1854-ஆம் வருஷம் முதல் சுமார் மூன்று வருஷமும், 1873-ஆம் வருஷம் முதல் சுமார் இரண்டு வருஷமும் சீமையிற் சென்று தங்கினர். மற்றக் காலமெல்லாம் கடிதமே உறவு. அவர்கள் மகளொருத்தியை மணந்த வயாட் பாதிரியாரே பிற்காலத்தில் அத்தியட்சருடைய நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-ஆம் வருஷம் வெளியிட்டார்.

கடிதம் என்றோம். அதுவே இவ்வியாசத்தின் கடினமான பகுதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

மிஷன் பங்களாவின் அடுப்பு எரிந்ததும், உபதேசிமார்க்குச் சம்பளம் கிடைத்ததும், விடுதிப் பெண்கள் சோறு உண்டதும் எவருடைய பணத்தால்? நம்மவர் தந்த காணிக்கை ஒரு பங்கு. சீமையில் சிறு சிறு தொகையாய்ச் சந்தா கொடுத்தோர் அனுப்பியதே பெரும்பங்கு. அவர்கள் இந்நாட்டைக் காணாதவர்கள். ஸாரா டக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணி இந்தியாவில் அடியெடுத்து வைத்தவரல்லர். சென்னையில் இருந்த தம் தமையனார் எழுதிய கடிதங்களின் வாயிலாக இந்நாட்டுப் பெண்களின் நிலையை அறிந்து, நூல் எழுதி, தோழியரிடம் பணம் திரட்டி அனுப்பினார். பாளையங்கோட்டையில் அவர் பெயரால் வழங்கும் பெண்கள் கல்லூரி 1895-ஆம் வருஷம் தோன்றிற்று. ஒரு கடிதம் ஒரு கல்லூரியாகும் வல்லமை அக்காலத்துக் கடிதங்களுக்கு இருந்தது. ஆனால், பணம் கொடுப்பவர் மனம் இளகும்படி எழுதவேண்டுமானால் எப்படி எழுதுவது? இவ்விடத்து ஜனங்கள் உழைப்பாளிகள், மானமுள்ளவர்கள், தங்களுக்கென்று பழைய நியாயமும் முறையும் உடையவர்கள் என்று எழுதினால் உண்டியல் நிறையுமா? இருள் எவ்வளவு கரியதோ அவ்வளவு விளக்குக்கு எண்ணெய் கிடைக்கும். இது கால்டுவெல் ஒருவருடைய குற்றமன்று. மிஷன் சங்கங்களின் வரவு செலவு முறையிலேயே படிந்திருந்த குற்றம்.

1849-ஆம் வருஷம் சென்னையில் அச்சாகி, மறுவருஷம் லண்டனில் அவருடைய சங்கத்தாராலேயே மறுபடி வெளியிடப்பட்ட நூலுக்கு, திருநெல்வேலிச் சாணார் என்பது தலைப்பு. நம் முன்னோர் இலங்கையிலிருந்து வந்தேறியவர் என்றும், பேய்களைத் தொழுபவர் என்றும், மந்த புத்தியினர் என்றும் அதில் எழுதினார். அப்பொழுது அவர் இடையன்குடிக்கு வந்து எட்டு வருஷங்கூட நிறையவில்லை, வயது 35. எழுதியது நம்மவர் படிப்பதற்காக அன்று. சீமையிலுள்ள சந்தாதாரர் படிப்பதற்காக. அவர் கண்டதை எழுதினார் என்று சிலர் சமாதானம் சொல்வர். கண்டதுதான், ஆனால் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து கண்டது. பசியோடும் வழக்கோடும் வந்து நிற்பவனைப் பார்த்து ஒரு குலத்தின் அறிவை அளக்கப் புகுந்தால் அளவு பிசகாமல் என்னாகும்? அதே காலத்தில் அதே வீட்டின் பின்கட்டில், அம்மந்த புத்தியினரென்று எழுதப்பட்டவர்களின் பெண்மக்கள், நூற்றுக்கணக்கான குண்டூசிகளின் நடுவே ஒரு நூலும் தவறாமல் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தனர். முன்கட்டில் எழுதிய பேனாவுக்குப் பின்கட்டில் நடந்தது தெரியாமற் போயிற்று என்பதை நாம் வருத்தத்தோடு குறிக்கவேண்டியிருக்கிறது.

தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் தாங்கள் அறியமாட்டார்கள் என்று எண்ணியிருந்த காலம் நெடுநாள் நிலைக்கவில்லை. மிஷன் பள்ளிகளே அதற்கு முடிவு கட்டின. சாயர்புரம் வேதபாடசாலையிற் பயின்ற அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, நாசரேத்தில் இருந்த கேமரர் பாதிரியாரோடு பிணங்கி வெளியேறினார். கால்டுவெல்லின் நூலும் அவர் சினத்தை வளர்த்தது. அவர் 1857-ஆம் வருஷம் பிரகாசபுரத்தில் வெள்ளையர் தலைமையை முற்றும் ஒதுக்கி ஏக இரட்சகர் சபையைத் தாமே ஸ்தாபித்தார். வேதத்தை விடாமல் வெள்ளையரை விட்டவர் அவர். அதன்பின் செங்கற்பட்டில் உத்தியோகத்தில் இருந்த சாமுவேல் சற்குணர் என்பார் 1880-இலும் 1883-இலும் ஆங்கிலத்திலேயே நூல் எழுதி, கால்டுவெல் கூறியவற்றை ஒவ்வொன்றாய் மறுத்தார். ஞானமுத்து நாடார் அவர்கள் விண்ணப்பங்களும் பிரசுரங்களும் வெளியிட்டுக் கிளர்ச்சி செய்தார். இவர்கள் மூவரும் மிஷன் கல்வியின் வாயிலாகவே ஆங்கிலம் அறிந்த தலைமுறையினர். முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய ஏட்டுக்கு மறுப்பு, அவர்கள் வகுப்பறையிலிருந்தே எழுந்தது. ஈற்றில் அந்நூலை வழக்கிலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. 1883-ஆம் வருஷம் அத்தியட்சர் தம் இருப்பிடத்தை இடையன்குடியினின்றும் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே கல்லூரிப் பணியில் ஈடுபட்டார்.

இப்பிழையோடு அவர் செய்த பிறவற்றையும் கணக்கில் வைக்காவிட்டால் சரித்திரம் ஒருதலையாகும். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ஆம் வருஷம் லண்டனிலும், திருத்திய இரண்டாம் பதிப்பு 1875-ஆம் வருஷமும் வெளிவந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன வடமொழியினின்றும் பிறந்தவை அல்ல, தனிக்குடும்பமாம் என்று விரிவாக நாட்டிய நூல் அது. தமிழ்ச் சொற்களை ஊரார் ஒலிக்குமாறே கேட்டறிய அவருக்கு வாய்த்த இடம் புலவர் அவையன்று, தேரிக்காட்டுத் தாழ்வாரம். அவர் காதில் நாள்தோறும் விழுந்த தமிழ் மரமேறியின் தமிழும், கருப்புக்கட்டி விற்பவளின் தமிழும், தம் மனைவியாரின் நாஞ்சில் தமிழுமே. அவருக்குப் பேச்சுத்தமிழில் ஐயம் தோன்றியபொழுது அம்மையாரே துணையாயிருந்தார். இதுபோன்றே தமிழ் வேதாகமத்தைத் திருத்தி 1871-ஆம் வருஷம் முடித்த குழுவிலும் அவர் உழைத்தார். கொற்கையில் மண்ணைத் தோண்டித் தாழிகளைக் கண்டதும், 1881-ஆம் வருஷம் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டதும் அவருடைய ஓய்வு நேரத்து வேலைகள்.

1876-ஆம் வருஷம் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இப்பங்களாவையும் சோதித்தது. மழை பொய்த்தது, பனையும் பாளை விடவில்லை. ஊரில் தானியம் இல்லை; இருந்த இடத்தில் வாங்கப் பணமில்லை. சீமையிலிருந்து வந்த நிவாரணப் பணம் மிஷன் பங்களாக்களின் வாயிலாகவும் பங்கிடப்பட்டது. கஞ்சித்தொட்டிகளின் முன் எல்லாச் சாதியாரும் நின்றனர். அப்பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் பல்லாயிரவர் திருச்சபையிற் சேர்ந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தனர் என்று இகழ்வோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பட்டினியால் வாடும் பிள்ளையைத் தோளில் சுமந்து பத்து மைல் நடந்து வந்தவளுக்குக் கதவு திறந்த இடம் எதுவோ அவ்விடத்தை அவள் மறவாதிருப்பது இகழ்ச்சிக்குரியதாமோ என்று அவ்வாறு சொல்வோரையே கேட்க வேண்டும். 1877-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், பஞ்சத்தின் நடுவிலே, கல்கத்தாவில் கால்டுவெல்லுக்கு அத்தியட்சப் பட்டம் கிடைத்தது. அன்றே பட்டம் பெற்ற மற்றவர் சார்ஜென்டு பாதிரியார்.

இடையன்குடி ஆலயத்தின் வரலாறு இன்னும் நீண்டது. 1847-ஆம் வருஷம் தொடங்கிய கட்டிட வேலை 1880-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ஆந் தேதி பிரதிஷ்டையாகும் வரையில் முப்பத்துமூன்று வருஷம் நடந்தது. பணம் உள்ளபொழுது கல் ஏறும், இல்லாதபொழுது நிற்கும். கூர்நுனி வளைவுகளும் சன்னல்களும் கொண்ட மேனாட்டுக் கட்டிடத்தை, அதனை ஒருபொழுதும் கண்டிராத நம் நாட்டுக் கொத்தரும் தச்சரும் எழுப்பினர். அடிக்கல் நாட்டியபொழுது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளைகள் பிரதிஷ்டையன்று தம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பர். கால்டுவெல் எழுதிய நூலுக்கு மறுப்பாகச் சற்குணரின் முதல் நூல் வெளிவந்ததும் அதே 1880-ஆம் வருஷந்தான். ஆலயமும் மறுப்பும் ஓராண்டிலே முடிவுபெற்றன.

கால்டுவெல் அத்தியட்சர் 1891-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆந் தேதி கோடைக்கானலில் காலமானார். உடலை மலையினின்றும் இறக்கி இடையன்குடிக்குக் கொணர்ந்து, தாம் கட்டிய ஆலயத்தின் பீடத்தின்கீழ் அடக்கம் செய்தனர். எலிசா அம்மையார் அதன்பின் எட்டு வருஷம் வாழ்ந்து 1899-ஆம் வருஷம் மறைந்து, அவ்வூரிலேயே தம் கணவர் அருகில் அடக்கமானார். மணமாகி வந்தது முதல் ஐம்பத்தைந்து வருஷம். நமது மகாஜனங்கள் ஒன்றுகூடிச் சங்கம் கண்டது 1910-ஆம் வருஷம். சர்க்கார் ஏடுகளில் பழைய பெயர் நீங்கி நாடார் என்னும் பெயர் ஏறியது 1921-ஆம் வருஷம்.

அத்தியட்சருக்குச் சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் வருஷம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை நாட்டப்பட்டது. 2010-ஆம் வருஷம் தபால் முத்திரை வெளியிடப்பட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசாங்கத்தார் பழுதுபார்த்து 2011-ஆம் வருஷம் நினைவில்லமாக்கினர். அவ்வூருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் அத்தியட்சருடைய உருவத்தைக் கண்டபின், வீட்டின் பின்புறத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராக. பின்னற் தலையணைகளோடு நம் பாட்டிமார் அமர்ந்திருந்த இடம் அப்பக்கமே.